ஆசானுக்கு இரண்டாவது பகடை

தக்கலையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார். நண்பர்கள் ஐந்து பேர் வாரந்தோறும் கூடி, 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வகைக் கதையாட்டம் ஆடுகிறார்கள்; ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம் அது. கதை நடப்பது குளச்சல் கரையில். மந்திரவாதி, வீரன் என்று ஆட்டத்தோடு வரும் கிளாஸ்கள், அதாவது பாத்திர வகைகள், போதாமல், உடலின் வர்மப் புள்ளிகளை அறிந்த வர்ம ஆசான் என்று புதிதாக ஒரு கிளாஸை இவரே உருவாக்கியிருக்கிறார். நம் ஊர் ஆசான்களைப் போலவே இந்த ஆசானுக்கும் அடிக்கும் அடிமுறை தெரியும், அடிபட்டவரை மீட்கும் இளக்குமுறை தெரியும், எண்ணெய் காய்ச்சவும் தெரியும். எந்த வேலைக்கும் வளைந்துகொடுப்பதற்காக, எதைச் செய்தாலும் பகடை எண்ணோடு 5 கூட்டிக்கொள்ளலாம் என்று விதி எழுதினார். இப்போது மற்ற நான்கு பேருக்கும் ஆட்டத்தில் வேலையே இல்லை. எங்கே தவறு?

தவறு அந்த 5இல் இருக்கிறது.

ஆட்டத்தின் அடிப்படை எளிது. இருபது முகப் பகடையை உருட்டி, குறித்த எண்ணோ அதற்கு மேலோ விழுந்தால் வெற்றி. 11 தேவையென்றால் வாய்ப்பு 50 சதவீதம், 19 தேவையென்றால் 10, 3 போதுமென்றால் 90. ஐந்தைக் கூட்டினால் இவை முறையே 75, 35, 100 ஆகும். கடினமான வேலையில் 10 சதவீதம் 35 ஆவதைப் பாருங்கள். திடீரென்று பொங்கிவரும் கள்ளக்கடல் கரையேறும் நேரத்தில் வள்ளம் தள்ளுவதில் ஆசானும் பிறவிக் கடலோடியும் சமம் என்றால், அப்புறம் கடலோடி எதற்கு?

கூட்டலை எடுத்துவிட்டு, ஆசானுக்கு இரண்டாவது பகடை ஒன்றைக் கொடுங்கள். இரண்டையும் உருட்டி, பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளட்டும். 1974இல் வெளிவந்த அந்த ஆட்டத்தின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் 'அட்வான்டேஜ்' என்ற பெயரில் இருக்கும் விதிதான் இது. எனக்கு இதைவிடப் பிடித்த விதி கிடையாது.

ஏனென்று சொல்கிறேன். இரண்டாவது பகடைக்கு எப்போது வேலை வரும்? முதல் பகடை தவறினால் மட்டும். அந்த வேலை எப்போது பலிக்கும்? இரண்டாவது வென்றால் மட்டும். ஆகவே கூடுதல் லாபம் என்பது தோற்கும் வாய்ப்பையும் வெல்லும் வாய்ப்பையும் பெருக்கி வருவது. பாதிக்குப் பாதி என்ற இடத்தில் அது 25 சதவீதம், அதாவது உச்சம். பத்துக்கு ஒன்பது முறை வெல்பவருக்கு இரண்டாவது பகடை பெரும்பாலும் சும்மா கிடக்கிறது, லாபம் 9. பத்துக்கு ஒரு முறை மட்டும் வெல்பவருக்கு அது ஓயாமல் உழைத்தும் பலிப்பதில்லை. அங்கும் லாபம் அதே 9! தேர்ந்தவருக்கும் தெரியாதவருக்கும் ஒரே அளவு கொடுத்துவிட்டு, அரைகுறையாகத் தெரிந்தவரைத்தான் அது கைதூக்கி விடுகிறது. எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்த ஆசானுக்கென்றே செய்து வைத்த கணக்கு.

இனி கடலோடிக்கு மட்டும், அவர் தொழிலுக்கு மட்டும், அந்த 5ஐக் கொடுங்கள். சாதாரண அலையில் இருவருக்கும் 75. கள்ளக்கடலில் கடலோடிக்கு 35, ஆசானுக்கு 10உம் 9உம் சேர்ந்து 19 சதவீதம். ஆபத்து வரும்போது தொழில் தெரிந்தவரைத் தேடி ஓட வேண்டிய நிலையை எண்களே உண்டாக்கிவிடுகின்றன.

கடிதத்தில் இன்னொன்றும் இருந்தது. மூன்று முறை சிறிய எண் விழுந்த பகடை அடுத்து பெரியது போடும் என்று நண்பர்கள் நம்புகிறார்களாம். போடாது, பகடைக்கு நினைவு இல்லை. தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரிக்குத் தடை வந்த பிறகும், களியக்காவிளை தாண்டிப் போய்ச் சீட்டெடுத்து, "மூணு வாரமா அடிக்கல, இந்த வாரம் அடிக்கும்" என்று காத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். அன்றாடக் கூலி அதில் கரைகிறது. நிகழ்தகவைப் பள்ளியில் சூத்திரமாக ஒப்பிக்க வைப்பதை விட்டு, ஒரு மாதம் பகடை உருட்டி எண்ண வைத்தால் இந்த நம்பிக்கை அங்கேயே உடையும் என்பது என் உறுதியான கருத்து.

ஆசானுக்குத் திரும்புவோம். இரண்டாவது பகடையை நாளுக்கு மூன்று முறை என்று கட்டுப்படுத்துங்கள். எப்போது எடுப்பது என்பதும் முக்கியம். முதல் எண்ணைப் பார்த்து, தோற்ற பிறகு எடுக்கலாம் என்று விட்டால், பாதிக்குப் பாதி வேலைகளில் அந்த மூன்று முறை சராசரியாக ஆறு உருட்டல்களுக்குக் காவல் நிற்கும். ஆசான் மறுபடியும் எல்லாருக்கும் மேலே போய்விடுவார். உருட்டும் முன்பே சொல்லிவிட வேண்டும் என்று எழுதுங்கள். வர்மத்தில் கை வைக்கும் முன் ஆசான் முடிவெடுத்தாக வேண்டும் என்பதோடும் அது பொருந்துகிறது.