பறக்கும் நேரம் வேறு, கடிகாரம் காட்டும் நேரம் வேறு

விமான டிக்கெட் எடுத்துத் தருவதே என் தொழில். நீண்ட தூரம் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வகையாகக் கணக்குப் போடுகிறார்கள். சிலர் தூரத்தை வேகத்தால் வகுக்கிறார்கள். சிலர் டிக்கெட்டில் உள்ள இரண்டு நேரங்களைக் கழித்துப் பார்க்கிறார்கள். இரண்டுமே ஏமாற்றும். இரண்டாவது, உடம்பையும் பாதிக்கும்.

ஒரு ஜூன் மாதம் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சிட்னி போகவிருந்த பெரியவர், டிக்கெட் ஓரத்தில் '32 மணி' என்று எழுதி அடிக்கோடும் இட்டிருந்தார். 10ஆம் தேதி இரவு 10.30க்குப் புறப்பாடு, 12ஆம் தேதி காலை 6.30க்கு இறக்கம். கழித்தால் 32தான் வரும். அவர் மனைவி கைப்பையைத் திறந்து காட்டினார். சர்க்கரை நோய் மாத்திரைகள், வேளைக்கு ஒன்றாகச் சிறு பொட்டலங்களில். சாப்பாடு வரும்போதெல்லாம் ஒன்று பிரிக்க வேண்டும், இறங்குவதற்குள் எல்லாம் தீர வேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு.

அந்த விமானம் எடுத்துக்கொள்வது சுமார் 15 மணி நேரம்தான். மீதி 17 மணி, இரு ஊர்க் கடிகாரங்களுக்கும் இடையிலான வித்தியாசம். டிக்கெட்டில் அச்சாவது அந்தந்த ஊர் நேரம். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கும் வழக்கம் இரு ஊர்களிலும் உண்டு; அதனால் அந்த வித்தியாசமே ஆண்டுக்குள் 17க்கும் 19க்கும் இடையே மாறுகிறது. திரும்பும் வழி இன்னும் குழப்பும்: சிட்னியில் காலை 11 மணிக்கு ஏறினால், அதே தேதி காலை 7.30 மணி வாக்கில் லாஸ் ஏஞ்சலஸில் இறங்கலாம். பசிபிக் கடல் நடுவே, தேதி மாறுவதாக வைத்திருக்கும் கற்பனையான 'தேதிக் கோடு' ஒன்றைக் கடப்பதால் வரும் விளைவு இது.

தூரமும் முழு விடை தராது. இவ்விரு ஊர்களுக்கும் இடையே சுமார் 12,000 கிலோமீட்டர். மேற்கே போக 15 மணி நேரம், கிழக்கே வர பதின்மூன்றரை. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வேகக் காற்று ஒரு திசையில் தள்ளிவிடுகிறது, மறு திசையில் தடுக்கிறது. 2020 பிப்ரவரியில் அந்தக் காற்றின் துணையோடு ஒரு பயணிகள் விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 5 மணி நேரத்துக்குள் போய்விட்டது. வழக்கமாக ஆறரை, ஏழு மணி நேரம் ஆகும். வான்வழி மூடப்பட்டால் நிலைமை தலைகீழ். 2022இல் ரஷ்ய வான்வெளி அடைபட்ட பிறகு, சுமார் ஒன்பதரை மணி நேரமாக இருந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் 13 மணி நேரத்தைத் தொட்டது. இரு நகரங்களும் இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன.

தூரம் பார்க்கும்போது அலகையும் பாருங்கள். கடல் மைலில் கொடுத்திருந்தால், ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர்.

டிக்கெட்டில் 'பயண நேரம்' என்று தனியாக ஒரு வரி இருக்கும். அதைத்தான் நம்ப வேண்டும். நடுவில் விமானம் மாறுவதாக இருந்தால், காத்திருக்கும் நேரமும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டு தனித்தனி டிக்கெட்டாக எடுத்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். முதல் விமானம் தாமதமானால், அடுத்த நிறுவனம் உங்களுக்காகப் பொறுப்பேற்காது.

பெரியவரின் டிக்கெட்டில் 32ஐ அடித்துவிட்டு, '15' என்று பெரிதாக எழுதிக் கொடுத்தேன். அதை மருத்துவரிடம் காட்டி, எந்த வேளைக்கு எது என்று எழுதி வாங்கிக்கொண்டு, அதன் பிறகு பொட்டலம் கட்டச் சொன்னேன். அம்மா அங்கேயே எல்லாவற்றையும் பிரித்து மறுபடி டப்பாவில் போட்டுக்கொண்டார்.