ரெசரெக்‌ஷன்: உயிர்த்தெழுதலா, உயிர்ப்பா, உத்தானமா?

ரெசரெக்‌ஷனுக்கு தமிழ்ல என்னன்னு கேட்டா நிறைய பேர் மறுபிறவின்னு சொல்லிடுறாங்க, அது சுத்தமா தப்பு. மறுபிறவின்னா பழைய உடம்பு சுடுகாட்டோட போச்சு, உயிர் இன்னொரு வயித்துல புகுந்து வேற உடம்பு எடுத்து வருது, பேரு வேற, அப்பா அம்மா வேற. ரெசரெக்‌ஷன்ல அப்படி இல்ல, செத்தவரே எழுந்து வர்றார், அவரைத் தெரிஞ்சவங்க அவர்தான்னு அடையாளம் சொல்லணும். ஒண்ணுல உடம்பு கழட்டிப்போடற சட்டை, இன்னொண்ணுல உடம்பு இல்லாம அந்த ஆளே முழுசா இல்ல. இந்த வித்தியாசத்தை விட்டுட்டா "இதை நேரடியா நம்பணுமா, உருவகமா எடுத்துக்கணுமா"ங்கிற பழைய சண்டையும் புரியாது, அதனால சொல்லுல இருந்தே ஆரம்பிக்கலாம்.

இங்கிலீஷ் சொல் லத்தீன்ல இருந்து வந்தது, ரெசுர்கெரேன்னா திரும்ப எழுந்திருக்கிறது. ஆனா புதிய ஏற்பாடு எழுதப்பட்டது கிரேக்கத்துல, அங்க இருக்கிற சொல் அனஸ்தாசிஸ். அனான்னா மேலே, ஸ்தாசிஸ்னா நிற்கிறது. படுத்துக் கிடந்த ஆள் எழுந்து நிற்கிறான், இதுதான் அந்த சொல் காட்டற படம். கூடவே எகெய்ரோன்னு இன்னொரு வினை வரும், அது தூங்கறவனை எழுப்பறதுக்கு வீட்டுல சாதாரணமா சொல்ற சொல். நம்ம ஊர்ல கிறிஸ்தவங்க இரங்கல் போஸ்டர்ல "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்"னு போடுவாங்களே, அதை வெறும் மரியாதை வார்த்தைன்னு நினைக்காதீங்க, எகெய்ரோவோட மறுபாதி அது, தூங்கறவரைத்தான எழுப்ப முடியும். அரபில கியாமா, அதுவும் நிற்கிறதுங்கிற வேர்ல இருந்து வந்ததுதான், தொழுகையில நிக்கிற நிலைக்கு கியாம்னு சொல்றாங்களே அதே வேர், தமிழ் முஸ்லிம்கள் கியாமத் நாள்னும் மறுமை நாள்னும் சொல்றது இதைத்தான். ஹீப்ருவுல மட்டும் கொஞ்சம் வேற மாதிரி, தெஹியத் ஹமேதீம், செத்தவங்களுக்கு உயிர் கொடுக்கிறதுன்னு அர்த்தம்.

இப்ப தமிழுக்கு வருவோம், இங்கதான் விஷயம் நல்லா இருக்கு. கத்தோலிக்க வீட்டுல வளர்ந்த பெரியவங்க செபமாலை சொல்லும்போது கேட்டுப்பாருங்க, "சரீர உத்தானத்தை விசுவசிக்கிறேன்"னு வரும். இப்ப கோயில்ல சொல்ற புது வடிவத்துல "உடலின் உயிர்ப்பை நம்புகிறேன்". புராட்டஸ்டன்ட் சபையான சி.எஸ்.ஐ.க்குப் போனா "சரீரம் உயிர்த்தெழுதலும்"னு வரும். கிறிஸ்தவங்க தங்க நம்பிக்கையைச் சுருக்கமா அறிக்கையிடற ஒரே விசுவாசப் பிரமாணம், ஒரே வரி, மூணு சொல். உத்தானம் சமஸ்கிருதம், உத் சேர்த்து ஸ்தா, அதாவது மேலெழுந்து நிற்கிறது, இந்த ஸ்தாவும் கிரேக்க ஸ்தாசிஸும் ஒரே வேர்ல இருந்து பிரிஞ்சது, ஆக பழைய ஆளுங்க தெரிஞ்சு எடுத்தாங்களோ தெரியாம எடுத்தாங்களோ அனஸ்தாசிஸுக்கு உறுப்புக்கு உறுப்பு பொருந்துற சொல்லத்தான் எடுத்திருக்காங்க. பெருமாள் நாலு மாச துயில்ல இருந்து எழுற நாளுக்கு உத்தான ஏகாதசின்னு பேர் இருக்கே, அங்கயும் தூக்கம், எழுதல்.

உயிர்ப்பு நல்ல தமிழ்ச் சொல், ஆனா அதோட பழைய அர்த்தம் மூச்சு. உயிர்த்தல்னா மூச்சு விடறது, பழைய பாட்டுல தலைவி வெய்துயிர்த்தாள்னு வந்தா சூடா பெருமூச்சு விட்டாள்னு பொருள். அப்ப உயிர்ப்புன்னு மட்டும் சொன்னா மூச்சு வந்தது தெரியுது, எழுந்து நின்னது தெரியல. உத்தானம்னு சொன்னா நின்னது தெரியுது, மூச்சு தெரியல. உயிர்த்தெழுதல்ல ரெண்டும் இருக்கு, உயிர்த்து அப்புறம் எழுதல். பைபிள்ல எசேக்கியேல் தீர்க்கதரிசி நூலோட 37ஆம் அதிகாரத்துல உலர்ந்த எலும்புப் பள்ளத்தாக்கு வரும், எலும்போட எலும்பு சேருது, நரம்பு வருது, சதை வருது, தோல் மூடுது, ஆனா இன்னும் ஆவி இல்ல, கடைசியா ஆவி உள்ள போனதும் "அவர்கள் உயிரடைந்து, காலூன்றி, மகா பெரிய சேனையாய் நின்றார்கள்". முதல்ல மூச்சு, பிறகு நிற்கிறது. உயிர்த்தெழுதல்ங்கிற தமிழ்ச் சொல்லோட வரிசையும் அதேதான். எனக்கு இதுதான் மூணுல சரியான சொல்.

அதே எசேக்கியேலைக் காட்டித்தான் உருவகம்னு சொல்றவங்க வாதாடுவாங்க, அதுலயும் நியாயம் இருக்கு. அடுத்த வசனமே "இந்த எலும்புகள் இஸ்ரவேல் வம்சமனைத்துமே"ன்னு விளக்கம் சொல்லிடுது. எருசலேம் ஆலயம் கி.மு. 586 வாக்குல இடிஞ்சு, ஜனங்க பாபிலோன்ல அடிமையா கிடந்த காலம், எங்க எலும்பு உலந்துபோச்சுன்னு புலம்பின சமூகத்துக்கு திரும்ப ஊருக்குப் போவீங்கன்னு சொன்ன தரிசனம் அது. ஒரு கல்லறையும் நிஜத்துல திறக்கல. அதே மாதிரி இயேசு சொன்ன கெட்டுப்போன பையன் கதையில அப்பா சொல்றது, "என் குமாரனாகிய இவன் மரித்தான், திரும்பவும் உயிர்த்தான்", பையன் சாகவே இல்ல, பன்னி மேய்ச்சுட்டு திரும்பி வந்தான். ஆக பைபிள்லயே உருவகம் இருக்கு, அதை யாரும் மறுக்க முடியாது.

ஆனா காலம் மாறிச்சு. கி.மு. 160களை ஒட்டி, யூதர்களை ஆண்ட கிரேக்க ராஜா அந்தியோகுஸ் எபிபானெஸ் யூத மதத்தையே தடை பண்ணின நேரத்துல, மதத்தை விடமாட்டேன்னு சொன்ன இளம்பிள்ளைங்களை சித்ரவதை பண்ணிக் கொன்னாங்க. அப்ப ஒரு புதுக் கேள்வி வருது, ஜனக்கூட்டம் பிழைச்சுக்கும் சரி, செத்துப்போன இந்தப் பையனுக்கு என்ன நியாயம்? பைபிள்ல தானியேல் நூல் 12ஆம் அதிகாரத்துல மண்ணுல தூங்கறவங்க பலபேர் விழிச்சு எழுவாங்கன்னு வர்றது இந்தச் சூழல்லதான்னு பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்றாங்க. மக்கபேயர் ரெண்டாம் நூல் 7ஆம் அதிகாரத்துல ஏழு சகோதரர்கள் கதை இருக்கு, மூணாவது பையன் தானாவே நாக்கை நீட்டி கைகளையும் நீட்டி, இதெல்லாம் கடவுள்கிட்ட இருந்து வாங்கினது, அவர்கிட்டயே திரும்ப வாங்கிக்குவேன்னு சொல்றான். இந்த இடத்தைப் படிக்கிறப்ப எல்லாம் எனக்கு தொண்டை அடைக்கும். வெட்டுப்படப்போற கையைக் காட்டி இதே கை திரும்ப வேணும்னு கேக்கிறவன்கிட்ட போய் "அது உருவகம்ப்பா, உன் நினைவு சமூகத்துல வாழும்"னு சொல்ல முடியுமா? உடம்போட எழுதல்ங்கிற நம்பிக்கை பிறந்தது இந்த மாதிரி இடத்துல, உடம்புக்கு நடந்த கொடுமைக்கு உடம்புலயே நியாயம் கேட்டு.

அடுத்து, இயேசுவைப் பத்தி ஊர் ஊராப் போய் பிரசங்கம் பண்ணின பவுல், கிரேக்க நகரமான ஏதென்ஸ்ல பேசின சம்பவம். ஆத்மா அழியாதுன்னு சொல்லியிருந்தா அந்த ஊர்ல பலபேர் கேலி பண்ணியிருக்க மாட்டாங்க, பிளாட்டோ படிச்ச ஊரு அது. பவுல் அனஸ்தாசிஸ்னு சொன்னதும்தான் சிலர் சிரிச்சாங்க. அனஸ்தாசிஸ்ங்கிறது ஏதோ புது பெண்தெய்வத்தோட பேருன்னு அவங்க நினைச்சாங்கன்னு பழைய திருச்சபைத் தலைவர் கிறிசோஸ்தோம் விளக்கம் எழுதியிருக்கார், அந்த அளவுக்கு அவங்க காதுக்கு அது புதுசு. உருவகமா மட்டும் சொல்லியிருந்தா யாருக்கும் உறுத்தியிருக்காது, உறுத்தினதே அது உடம்பைப் பத்தின பேச்சுங்கிறதாலதான். உருவகமா மட்டும் எடுத்தவங்க அப்பவே இருந்தாங்க, உயிர்த்தெழுதல் நடந்தாயிற்றுன்னு சொல்றாங்கன்னு இமெநேயு, பிலேத்து ரெண்டு பேரையும் பேர் சொல்லியே புதிய ஏற்பாட்டுல இருக்கிற 2 தீமோத்தேயு கடிதம் கண்டிக்குது.

அதுக்காக செத்த பிணம் அப்படியே நடந்து வர்றதுன்னும் அர்த்தம் இல்ல. இயேசு எழுப்பின லாசருவோட கதை அப்படித்தான், நாலு நாள் கல்லறையில கிடந்து வெளிய வந்தார், ஆனா மறுபடி ஒருநாள் சாவார். நம்ம மயிலாப்பூர்ல சம்பந்தர் பதிகம் பாட, பாம்பு கடிச்சு செத்த பூம்பாவை எலும்பும் சாம்பலும் வச்ச குடத்துல இருந்து எழுந்து வந்ததா பெரியபுராணம் சொல்லும், பங்குனித் திருவிழாவுல கபாலீஸ்வரர் கோயில்ல இன்னிக்கும் அதை நடத்திக் காட்டறாங்க. இதெல்லாம் போன உயிர் திரும்ப வர்றது, உயிர் மீட்புன்னு சொல்லலாம். உயிர்த்தெழுதல் அதுக்கும் மேல, திரும்ப சாவே இல்லாத நிலை. பவுல் 1 கொரிந்தியர் 15ல "ஜென்மசரீரம் விதைக்கப்படும், ஆவிக்குரிய சரீரம் எழுந்திருக்கும்"னு எழுதறார். ஆவிக்குரியதுன்னு சொன்னாலும் சரீரம்ங்கிற சொல்ல விடல பாருங்க. லூக்கா 24ல எழுந்த இயேசு பொரிச்ச மீன் சாப்பிடறார், யோவான் 20ல பூட்டின கதவுக்குள்ள வந்து நிக்கிறார், எம்மாவூர் ரோட்டுல கூட நடந்து போனவங்களுக்கே அவரை அடையாளம் தெரியல. இந்த மூணையும் ஒரே கணக்குல கொண்டுவர எழுதினவங்க முயற்சியே பண்ணல, கேட்டதை அப்படியே வச்சிட்டாங்க.

எழுந்த இயேசுவோட தழும்புல விரலை விட்டுப் பாக்காம நம்பமாட்டேன்னு சொன்ன சீடர் தோமாவோட கல்லறைன்னு பாரம்பரியமா சொல்ற சாந்தோம் கோயிலும் அதே மயிலாப்பூர்லதான் இருக்கு. நேரடியா வேணும்னு கேட்ட அவரை அந்தக் கதை விரட்டல, வா வந்து தொடுன்னு கூப்பிடுது, அவர் தொட்டாரான்னு சொல்லாமலே "என் ஆண்டவரே! என் தேவனே!"ன்னு முடிச்சிடுது.

எவ்வளவு உடம்புங்கிறதுல பின்னாடி பெரிய சண்டை நடந்திருக்கு. மேல பாத்த அதே பிரமாணத்தோட (அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணம்னு பேர்) லத்தீன் வடிவத்துல கார்னிஸ், அதாவது மாம்சம்னே இருக்கு, தமிழ்ல சரீரம், உடல்னு மென்மையாக்கி வச்சிருக்கோம். ஆரம்பகாலத் திருச்சபை எழுத்தாளர்கள்ல தெர்த்துல்லியன் மாம்சமேதான்னு நின்னார், ஒரிகேன் அந்தச் சதையே இல்ல, வேற தன்மையான உடம்புன்னார். இஸ்லாத்துல குர்ஆன் 75ஆம் அத்தியாயத்துக்கு பேரே அல்-கியாமா, மனுஷனோட எலும்பை நாம ஒண்ணு சேக்கமாட்டோம்னு நினைக்கிறானா, விரல் நுனியைக் கூட சரியா அமைக்க முடியும்னு வரும். இப்னு சீனா மாதிரி தத்துவவாதிகள் இதை சாதாரண ஜனங்களுக்குப் புரியற மாதிரி சொன்ன உவமையா எடுத்தாங்க, 1111ல இறந்த இஸ்லாமிய அறிஞர் கஸ்ஸாலி அதை ஏத்துக்கவே இல்ல, தத்துவவாதிகள் இறைமறுப்புல விழுந்துட்டாங்கன்னு அவர் சொன்ன மூணு விஷயத்துல உடம்போட எழுப்பப்படறதை மறுக்கிறது ஒண்ணு. யூத அறிஞர் மைமோனிடீஸ், யூத நம்பிக்கைக்கு தான் வகுத்த 13 அடிப்படைகள்ல கடைசியா இதை வச்சார், இருந்தும் இவர் உள்ளுக்குள்ள நம்பலன்னு பேச்சு கிளம்பி, பதில் சொல்லி 1191 வாக்குல தனியா ஒரு நூலே எழுத வேண்டியதாச்சு. இருபதாம் நூற்றாண்டுல ஜெர்மனியில ருடால்ஃப் புல்ட்மன்ங்கிற இறையியலாளர், எழுந்தது உடம்பு இல்ல, சீடர்களோட நம்பிக்கையும் பிரசங்கமும்தான்ங்கிற பக்கம் நின்னார். அதுக்கு எதிர்ப்பக்கம் இங்கிலாந்து பைபிள் ஆய்வாளர் என்.டி.ரைட், அந்தக் காலத்துல அனஸ்தாசிஸ்னு சொன்ன யூதரும் சரி, கேலி பண்ணின கிரேக்கரும் சரி, உடம்பைத்தான் மனசுல வச்சிருந்தாங்கன்னு பக்கம் பக்கமா காட்டினார். சொல்லோட அர்த்தம்ங்கிற அளவுல ரைட் சொல்றதுதான் சரின்னு நான் நினைக்கிறேன், அதை நம்பறதும் நம்பாததும் வேற கேள்வி.

இது ஏட்டுச் சண்டை மட்டும் இல்ல, வீட்டுல சாவு விழும்போது நேரா வந்து நிக்கும். கத்தோலிக்கத் திருச்சபை 1886ல உடலை எரிக்கிறதைத் தடை பண்ணிச்சு, உயிர்த்தெழுதலை மறுக்கிறவங்க அதை ஒரு அடையாளமாவே செஞ்சிட்டிருந்த காலம் அது. 1963ல மறுக்கிற எண்ணம் இல்லன்னா எரிக்கலாம்னு அனுமதிச்சாங்க. 2016ல வந்த அறிவுரையில சாம்பலைக் காத்துலயோ கடல்லயோ தூவக்கூடாது, புனிதமான இடத்துல வைக்கணும்னு சொன்னாங்க. எரிஞ்ச உடம்பை கடவுளால எழுப்ப முடியாதுன்னு அவங்க சொல்லல, உடம்பை வேண்டாத பொருள் மாதிரி நடத்தாதேன்னு சொல்றாங்க. அடையாளமும் நேரடி நம்பிக்கையும் இங்க ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிடக்கு, பிரிச்சா ரெண்டுமே பலம் போயிடும்.

"நீங்கள் கிறிஸ்துவுடன்கூட எழுந்ததுண்டானால், மேலானவைகளைத் தேடுங்கள்"னு புதிய ஏற்பாட்டோட கொலோசெயர் கடிதத்துல வர்றது உருவகம்தான், உயிரோட இருக்கிறவங்களைப் பாத்து சொன்னது. ஆனா கல்லறையில நிஜமா ஏதோ நடந்துச்சுன்னு நம்பினவங்க வாயில இருந்து வந்ததாலதான் அந்த உருவகத்துக்கு கனம் இருக்கு. உருவகத்தை மட்டும் நம்பறவங்களை நான் குறை சொல்லல, அதுவும் ஆழமான நம்பிக்கைதான், சொல்லை மட்டும் நேர்மையா எடுத்தா போதும். 1885ல அமெரிக்காவுல பிட்ஸ்பர்க்ல கூடின சீர்திருத்த யூத ரபிகள் அதைத்தான் செஞ்சாங்க, உடம்போட எழுதலை நாங்க ஏத்துக்கலன்னு வெளிப்படையா எழுதினாங்க, அந்த மரபோட ஜெபப் புத்தகங்கள்ல "செத்தவங்களுக்கு உயிர் கொடுப்பவர்"ங்கிற வரி "எல்லாவற்றுக்கும் உயிர் கொடுப்பவர்"னு மாறிச்சு. தமிழ்ல அந்த அர்த்தத்துக்கு புத்துயிர் இருக்கு, மறுமலர்ச்சி இருக்கு, மொழியோ ஊரோ கட்சியோ திரும்பத் தலைதூக்கினா அதைச் சொல்லுங்க. லாசருவுக்கும் பூம்பாவைக்கும் உயிர் மீட்பு. உயிர்த்தெழுதலை செத்தவர் உடம்போட எழுந்து இனி சாகாம நிக்கிறதுக்கு மட்டும் வச்சுக்கலாம், பேச்சுல சுருக்கமா வேணும்னா உயிர்ப்பு, பழைய செபத்துல வந்தா உத்தானம்.