பெட்ரோல் டேங்க் துரு: ஆசிட் ஊற்றுவது பாதி வேலைதான்

மெயினில் ஒழுங்காக ஓடும் பைக், ரிசர்வுக்குத் திருப்பியதும் திக்கித் திணறி நின்றுவிடுகிறதா? கார்ப்பரேட்டரைக் கழற்றுவதற்கு முன் டேங்குக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பெட்ரோலைத் திறந்து மூடும் குழாயான காக்கின் மெயின் குழாய் டேங்குக்குள் உயர்ந்து நிற்கும். ரிசர்வ் துளை அடித்தட்டை ஒட்டியிருக்கும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம் என்பதால், மூடி வழியாக இறங்கிய மழைத்தண்ணீர் அடியில் தங்கித் துருவைக் கிளப்பும். ரிசர்வ் போட்டதும் தண்ணீரும் துருத்தூளும் சேர்ந்து கார்ப்பரேட்டருக்கு இறங்கும். ஃப்ளோட் கிண்ணத்தைத் திறந்தால் அடியில் செங்கல்பொடி போலப் படிந்திருக்கும். அதில் ஒரு துகள், கிண்ணம் நிரம்பியதும் பெட்ரோலை அடைக்கும் நீடிலில் சிக்கினாலே ஓவர்ஃப்ளோ ஆகித் தரையில் பெட்ரோல் சொட்டும். டேங்கைத் தொடாமல் கார்ப்பரேட்டரை மட்டும் எத்தனை முறை கழுவினாலும் இதே தொல்லைதான்.

சென்னையில் இது கொஞ்சம் கூடுதலாகவே வரும். கால் டேங்க் பெட்ரோலோடு மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில், மேலே காலியாக இருக்கும் இடமெல்லாம் ஈரக்காற்று. இரவில் தகடு குளிரும்போது அந்த ஈரம் உட்பக்கமாக வியர்த்து வழியும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் முங்கிய வண்டிகளுக்கு இன்ஜின் ஆயிலை மாற்றியவர்கள் பலர். டேங்கைக் கழற்றிக் கவிழ்த்தவர்கள் குறைவு. போதாததற்கு, இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். இழுத்தது அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும்.

வேலையில் இறங்குமுன் டேங்கின் நிலையை எடை போடுங்கள். கீழ்ப்பக்க வெல்டிங் ஓரத்திலும், ஃபிரேம் மேல் உட்காரும் குடைவின் இரு பக்கத்திலும் விரலால் அழுத்திப் பாருங்கள். வெளிப் பெயின்ட் கொப்புளம் கட்டியிருந்தால் துரு உள்ளிருந்து வெளியே வந்துவிட்டது என்று பொருள். அங்கே ஓட்டையை அடைத்துக்கொண்டிருப்பதே துருதான். அதைக் கரைத்தால் டேங்க் ஒழுகும். இதை வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லாத மெக்கானிக்குக்குப் பிறகு வம்புதான்.

முழு டேங்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து. திரவம் போன பின் மிஞ்சும் ஆவி காற்றோடு கலந்து நிற்கும். ஒரு பொறி போதும். பெட்ரோலை வடித்ததும் சோப்புத்தூள் கரைத்த வெந்நீரால் இரண்டு மூன்று முறை குலுக்கிக் கழுவி, வாடை போகும்வரை வெளியில் வையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஆசிட் துருவைத் தொடாது என்பதால் இந்தக் கழுவலை எப்படியும் தவிர்க்க முடியாது. ஒழுகும் டேங்கை நேராக வெல்டிங் பட்டறைக்குத் தூக்கிப் போவது கூடவே கூடாது.

காக், மூடி, பெட்ரோல் முள்ளின் ஃப்ளோட் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். காக்கின் வார்ப்பு உலோகத்தை ஆசிட் அரித்துவிடும். காக் துளைக்குப் பழைய டியூபில் வெட்டிய ரப்பர், அதன்மேல் ஒரு தகடு, அதே போல்ட். கார்ப்பரேட்டர் இல்லாத எஃப்ஐ (ஃபியூயல் இன்ஜெக்ஷன்) வண்டியில் பம்ப் டேங்குக்குள் இருக்கும். அதை வெளியே எடுக்காமல் ஒரு சொட்டு ஆசிட்கூட ஊற்றக் கூடாது. வெளிப் பெயின்டுக்கு வேக்ஸ் தடவி, பிளாஸ்டிக் கவரால் சுற்றிவிடுங்கள்.

செதில் செதிலாக உரியும் துரு என்றால் முதலில் குலுக்க வேண்டும். சின்ன நட்டுகளை எண்ணிப் போடுங்கள். 40 போட்டால் 40 வெளியே வர வேண்டும். ஓரடி சைக்கிள் செயினைக் கம்பியில் கட்டி விட்டால் எண்ணும் தொல்லை இல்லை. மணலும் பொடி ஜல்லியும் வேண்டாம். மடிப்புக்குள் போன மணல், மாதங்கள் கழித்து கார்ப்பரேட்டரின் நுண்துளையான ஜெட்டில் வந்து உட்காரும்.

இனி ஆசிட். பாத்ரூம் கழுவும் ஆசிட் பத்து நிமிடத்தில் டேங்கைப் பளபளப்பாக்கும் என்று சொல்வார்கள். உண்மைதான். துரு தீர்ந்த பிறகு அது நல்ல இரும்பையும் தின்னும், புகை நெஞ்சை அடைக்கும், அதிலுள்ள குளோரைடு மடிப்புகளில் தங்கி மறுபடி துருவைக் கிளப்பும். பழைய டேங்குக்கு அது வேண்டவே வேண்டாம். எலுமிச்சை உப்பு போதும்; சிட்ரிக் ஆசிட் என்று கேட்டால் பாரிமுனைப் பக்கம் கிலோக் கணக்கில் கிடைக்கும். லிட்டருக்கு 50 முதல் 60 கிராம். ஆர்எக்ஸ்100 டேங்குக்குச் சுமார் அரைக் கிலோ, பழைய புல்லட்டுக்கு முக்கால் கிலோவுக்கு மேல். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கரைத்து, வாய் வரை நிரப்புங்கள். பாதி நிரப்பித் திருப்பித் திருப்பி வைத்தால் கோடு கோடாகத் துரு நிற்கும். மூடியை இறுக்க வேண்டாம், உள்ளே வாயு கிளம்பும்.

ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை எட்டிப் பாருங்கள். லேசான துரு ஓர் இரவில் போய்விடும். முரட்டுத் துருவுக்குப் பழையதைக் கொட்டிவிட்டுப் புதிதாக இன்னொரு முறை ஊற்றலாம். சாம்பல் நிறத்தில் தகடு தெரிந்துவிட்டால் எடுத்துவிட வேண்டியதுதான். ‘இன்னும் கொஞ்சம் ஊறட்டும்’ என்று விட்டால் ஆசிட் தகட்டைத்தான் தின்னும்.

பெரும்பாலான டேங்க் கெடுவது இதற்கு அடுத்த அரை மணி நேரத்தில்தான். ஆசிட்டை வடித்த டேங்கை வெயிலில் கவிழ்த்துவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வருவதற்குள் உட்புறம் ஆரஞ்சு நிறம் ஏறியிருக்கும். வெறும் இரும்பு, ஈரம், காற்று மூன்றும் சேர்ந்தால் துருவுக்கு நேரமே வேண்டாம். அதனால் ஆசிட்டை வடிக்குமுன்பே அடுத்த வாளி தயாராக இருக்க வேண்டும்: 10 லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் ஆப்ப சோடா. வடித்தவுடன் ஒரே அலசு, உடனே சோடாத் தண்ணீரை முழுக்க நிரப்பிப் பத்து நிமிடம் விடுங்கள். நுரைத்துப் பொங்கும், இங்கும் மூடி போடக் கூடாது.

கடைசி அலசலுக்குப் போர்த் தண்ணீர் வேண்டாம். கடலோர ஏரியாக்களில் பல போர்களில் உப்பு அதிகம். அந்த உப்பு தகட்டில் தங்கினால் செய்த வேலை எல்லாம் வீண். ஒரு கேன் வாட்டர் வாங்கினால் தாராளமாகப் போதும். அலசியதும் கவிழ்த்து, குலுக்கி, காக் துளை இல்லாத பக்கத்தைத் தனியாகச் சாய்த்து வடியுங்கள். குடைவுக்கு அந்தப் பக்கம் தேங்கும் தண்ணீருக்கு வேறு வழி கிடையாது. பிறகு ஹேர் டிரையரையோ புளோயரையோ வாயில் வைத்து, தகடு வெளியிலிருந்து தொட்டால் சுடும் வரை ஓட்டுங்கள். சிலர் ஸ்பிரிட் ஊற்றி ஈரத்தை இழுப்பார்கள். அப்படிச் செய்தால் டிரையர் பக்கமே போகக் கூடாது. அக்னி நட்சத்திரத்தில் இந்த வேலை சுலபம். ஐப்பசி மழையில் செய்யாமல் இருப்பது நல்லது.

காய்ந்து, சூடு ஆறியதும் அரை லிட்டர் பெட்ரோலில் 100 மில்லி டூ-டி (டூ-ஸ்ட்ரோக் இன்ஜின்) ஆயில் கலந்து, எல்லாச் சுவரிலும் படும்படி உருட்டி வடித்துவிடுங்கள். அன்றே டேங்கை மாட்டி, பெட்ரோலை முழுக்க நிரப்புங்கள்.

உள்ளே எபாக்சி கோட்டிங் அடிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஊசித்துளை இருந்தால் மட்டும்தான் அடிக்கச் சொல்வேன். ஈரமோ எண்ணெயோ துளி மிச்சமிருந்தாலும் அது பாளம் பாளமாக உரிந்து காக்கை அடைக்கும். உரிந்த கோட்டிங்கை எடுப்பது துருவை எடுப்பதைவிடப் பெரும்பாடு. எத்தனாலைத் தாங்கும் என்று டப்பாவில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மாட்டும்போது காக் வலை, வாஷர், பெட்ரோல் டியூப், மூடி ரப்பர் நான்கும் புதிது போடுங்கள். இல்லையென்றால் அடுத்த மழையில் பழைய மூடி ரப்பர் வழியாகவே மறுபடி தண்ணீர் இறங்கும். மூடியைச் சுற்றிய பள்ளத்தில் தண்ணீர் வெளியேறும் துளை இருந்தால் கம்பி விட்டுச் சுத்தம் செய்யுங்கள். வாட்டர் சர்வீஸில் மூடிக்கு நேராகப் பீய்ச்ச விடாதீர்கள். கண்ணாடி போலத் தெரியும் சின்ன ஃபில்டர் ஒன்றை டியூபில் மாட்டி, 100 கிலோமீட்டர் ஓடியதும் பார்க்கலாம். கொஞ்சம் தூள் வருவது சகஜம். ஃபில்டரை மாற்றினால் போதும். இரண்டாவது ஃபில்டரும் சிவந்தால் மடிப்பில் துரு மிச்சம் இருக்கிறது.

கழிவை மழைநீர் வடிகாலில் கொட்ட வேண்டாம். ஆசிட்டைச் சோடா போட்டு நுரை அடங்கும்வரை சமப்படுத்திய பிறகே கழிவுநீர்க் குழாயில் ஊற்றுங்கள். பழைய பெட்ரோல் எந்தக் குழாய்க்கும் போகக் கூடாது. மூடிய கேனில் வைத்துக் கழிவு ஆயில் எடுப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

அடித்தட்டில் நாலைந்து இடம் ஊசித்துளை விட்டுவிட்டால் ஒட்டுப்போட்டுக் காலம் தள்ள வேண்டாம். பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டையில் வேறு டேங்க் பார்க்கலாம். ஒரு சின்னக் காந்தத்தைக் கையோடு கொண்டுபோய் அடிப்பக்கமும் பக்கவாட்டிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பெயின்டுக்குக் கீழே புட்டிதான் இருக்கிறது. காக் மரை தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள், மூடியைத் திறந்து டார்ச் அடியுங்கள், பிறகு விலை பேசுங்கள்.