காந்தி முகத்தில் பாதியைக் காணோம்

“நோட்டு எண்ணிட்டிருந்தேனுங்க டாக்டர். திடீர்னு பார்த்தா காந்தி மூஞ்சில பாதியக் காணோமுங்க.”

ஜவுளிக் கடையில் கல்லா பார்க்கும் பெண். வயது 32. கள்ள நோட்டோ என்று முதலில் சந்தேகப்பட்டிருக்கிறார். அடுத்த நோட்டை எடுத்தால் அதிலும் பாதி முகம்தான். கண்ணைக் கசக்கி, தண்ணீர் அடித்துக் கழுவிப் பார்த்தும் அந்த ஓட்டை போகவில்லை. கொஞ்ச நேரத்தில் ஓட்டையின் ஓரம் மின்ன ஆரம்பித்தது. “வெல்டிங் பட்டறைய எட்டிப் பார்த்தா பளபளன்னு துடிக்குமே, அப்படிங்க.” அது மெல்ல மெல்லப் பெரிதாகி, இடது பக்கமாக நகர்ந்து, ஒரு இருபத்தைந்து நிமிடத்தில் பார்வையின் விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது. அப்புறம் லேசான தலைவலி, குமட்டல். சாயங்காலம் பழையபடி கல்லாவில் உட்கார்ந்துவிட்டார்.

இது நாலாவது தடவை. ஒரு இடத்தில் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். இன்னொரு இடத்தில் “ஒண்ணுமில்லை, டென்ஷன்” என்றார்கள். இரண்டாவது தடவை வீட்டில் இருந்தபோது வந்திருக்கிறது. அவருடைய அத்தை உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றிப் போட, அரை மணியில் சரியாகிவிட்டது. தானாகவே அரை மணியில் போகிற ஒன்றுக்கு எதைச் செய்தாலும் பலித்துவிடும். கண்ணாடி, சொட்டு மருந்து, உப்பு மிளகாய் எல்லாமே.

நான் சோதித்தபோது இரண்டு கண்ணிலும் பார்வை 6/6. விழித்திரை சுத்தம், கண் அழுத்தம் சரி. எங்கள் தொழிலில் இதுதான் சங்கடம். ஆள் வந்து உட்காரும்போது நோய் கிளம்பிப் போயிருக்கும். எந்தக் கருவியிலும் அது பதிந்திருக்காது. நோயாளி சொல்வதுதான் ஸ்கேன், நோயாளி சொல்வதுதான் ரிப்போர்ட்.

ஒரு பழைய சீட்டின் பின்பக்கத்தைக் கொடுத்து, “நீங்க பார்த்ததை வரைங்கம்மா” என்றேன். தயங்கித் தயங்கி ஒரு பிறை வரைந்தார். அதன் வெளி ஓரம் முழுக்க ரம்பப் பல். நடுவில் ஒன்றும் போடாமல் விட்டார். “இந்த இடம் கருப்பாவும் இல்லைங்க, வெள்ளையாவும் இல்லைங்க. இல்லவே இல்லைங்க.”

இதே படத்தை இங்கிலாந்தில் ஹியூபர்ட் ஏரி என்ற மருத்துவர் 1870-இல் வரைந்து வெளியிட்டிருக்கிறார். அவருக்கே இந்தத் தொந்தரவு உண்டு. வானியலாளரான அவர் அப்பாவுக்கும் உண்டு. அந்த ரம்பப் பல்லைக் கோட்டை மதிலுக்கு ஒப்பிடுவார்கள். நம் செஞ்சிக் கோட்டை போல மலையோடு வளைந்து போகிற மதில் அல்ல. மேலிருந்து பார்த்தால் முனை முனையாக நீட்டிக்கொண்டிருக்கும் ஐரோப்பியக் கோட்டை.

மைக்ரேன் என்கிற ஒற்றைத் தலைவலிக்கு முன்னால் வரும் இதற்கு ‘ஆரா’ என்று பெயர். மைக்ரேன் உள்ளவர்களில் நாலில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை இதை அனுபவிக்கிறார்கள். சிலருக்கு ஆரா வந்து போகும், தலைவலியே வராது. அவர்கள்தான் அதிகம் பயந்துபோய் வருகிறார்கள்.

கோளாறு கண்ணில் இல்லை. பின்மண்டையில், பார்வைக்கான மூளைப் பகுதியில். அறுத்த வயலில் தாளுக்குத் தீ வைத்தால் தீ எப்படி நகரும்? முன்வரிசை கொழுந்துவிட்டு எரியும், அது கடந்து போன இடம் கரிந்து கிடக்கும். மூளையின் மேற்பரப்பில் ஒரு மின் அலை இப்படித்தான் நகர்கிறது. அலையின் முன்வரிசைதான் அந்தப் பளபளப்பு, பின்னால் சிறிது நேரம் செல்கள் ஓய்ந்து கிடப்பதுதான் ஓட்டை. வயல் மாதிரி இங்கே எதுவும் கருகிப் போவதில்லை, செல்கள் மீண்டுவிடும். அலையின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர். கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்கர் தனக்கு வந்த ஆரா விரிவதை நேரம் குறித்து வரைந்து, இந்தக் கணக்கை 1941-இல் சொன்னார். பிரேசில் நாட்டின் அரிஸ்டிடிஸ் லியாவ் முயலின் மூளையில் அதே போன்ற அலையைப் பார்த்து எழுதியது 1944-இல்.

மூளையில் நடப்பதால் இரண்டு கண்ணிலும் தெரியும். கண்ணை மூடினாலும் மினுங்கும். ஆனால் வருகிறவர்களில் பலர் “வலது கண் போச்சு” என்றுதான் சொல்கிறார்கள். இரண்டு கண்ணிலும் வலப்பக்கப் பாதி மறைந்தால், வலது கண்ணே போனதாகத்தான் மனதுக்குத் தோன்றும்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. மேற்படிப்பின்போது ஒருநாள், கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப் கருவியில் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கருவிழியின் நடுவில் ஒரு மினுமினுப்பு. லென்ஸில் தூசி என்று துடைத்தேன். நோயாளியை மாற்றினேன். தூசி அடுத்த நோயாளியின் கண்ணுக்கும் கூடவே வந்தது. விழித்திரை பிய்ந்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டு, சீனியரிடம் ஓடி “சார், வலது கண்ணு” என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் தன் உள்ளங்கையால் என் வலது கண்ணை மூடினார். மினுமினுப்பு அப்படியே இருந்தது. கையை மாற்றி இடது கண்ணை மூடினார். அப்போதும் இருந்தது. “போய் ரெண்டு இட்லி சாப்பிடு” என்றார். காலையில் சாப்பிடவில்லை என்று எப்படிக் கண்டுபிடித்தாரோ.

பார்வையில் திடீரென்று எது நடந்தாலும் முதலில் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். அடுத்து மணி பாருங்கள், எப்போது ஆரம்பித்தது, எப்போது போனது என்று. இந்த இரண்டும் தெரிந்தால் பாதி நோயறிதல் முடிந்தது.

ஒரே கண்ணில் மட்டும் என்றால் கதை வேறு. அறுபதைத் தாண்டிய ஒரு ஐயா கண்ணாடி மாற்ற வந்தார். சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு, பீடியும் உண்டு. எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது அவர் மனைவி, “அன்னைக்கு ஷட்டர் இறங்குனாப்புல கண்ணு இருண்டுச்சுன்னீங்களே, அதச் சொல்லுங்க” என்றார். “அது அஞ்சு நிமிசத்துல தானாச் சரியாப் போச்சு, விடு” என்றார் இவர். அது நடந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

தானாகச் சரியாகிவிட்டது என்ற பேச்சைக் கேட்டால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும். கழுத்து ரத்தக்குழாயில் படிந்த கொழுப்பிலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து, கண்ணின் நாளத்தைச் சில நிமிடம் அடைத்துவிட்டு நகர்ந்திருக்கலாம். அடுத்த துணுக்கு மூளைக்குப் போனால் பக்கவாதம். அன்றே கழுத்து ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுக்க அனுப்பினேன். அடைப்பு இருந்தது. நல்லவேளை, அந்த மூன்று வாரத்தில் வேறொன்றும் நடக்கவில்லை. இப்படி இருண்டு தெளிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இருண்டது தெளியவே இல்லை என்றால், வலி இல்லாவிட்டாலும் காத்திருக்க ஒரு நிமிடம்கூடக் கிடையாது. ரத்தம் நின்றுபோன விழித்திரை மணிக்கணக்கில் தாங்காது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இருட்டில் கண்ணைத் திருப்பும்போது ஓரத்தில் மின்னல், திடீரென்று கொசுக் கூட்டம் போலக் கரும்புள்ளிகள், ஓரத்திலிருந்து திரை மூடுவது ஆகியவை விழித்திரைக்கு ஆபத்து. பெரிய மைனஸ் பவர் உள்ளவர்களும் புரை ஆபரேஷன் ஆனவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். விளக்கைச் சுற்றி வானவில் வளையம், கூடவே கண்வலி, வாந்தி என்றால் கண் அழுத்தம் ஏறியிருக்கலாம். வாந்தியை மட்டும் பார்த்து வயிற்று மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிடாதீர்கள். குனிந்து நிமிர்ந்தால் சில நொடி மட்டும் இருட்டிக்கொண்டு வருவது அடிக்கடி நடந்தால், தலைக்குள் அழுத்தம் கூடியிருக்கிறதா என்று கண் நரம்பைப் பார்க்க வேண்டும்.

ரம்பப் பல் தெரிகிறவர்களும் எல்லாரும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. 50 வயதுக்கு மேல் முதல்முறையாக வந்தால் சோதனை தேவை. விரிந்து நகராமல் சுவிட்சை அணைத்தாற்போல ஒரே நொடியில் பாதிப் பார்வை போனாலோ, வாய் குழறினாலோ, கை கால் விளங்காமல் போனாலோ அதை மைக்ரேன் என்று நீங்களே தீர்ப்பு எழுதாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

பெண்களுக்கு ஒன்று. ஆரா வருகிறவர்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிடக் கூடாது. பக்கவாத ஆபத்து கூடுகிறது. கோயில் விசேஷத்துக்காகத் தேதியைத் தள்ளிப்போட மாத்திரை கேட்கும்போதும் டாக்டரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். மருந்துக் கடையில் நேராக வாங்கும் பழக்கம் வேண்டாம்.

ஆராவை நடுவில் நிறுத்த மருந்து கிடையாது. வண்டி ஓட்டும்போது வந்தால் ஓரம் கட்டிவிட்டு அரை மணி உட்காருங்கள். வலி மாத்திரையை டாக்டர் சொன்னபடி, வலி ஆரம்பிக்கும்போதே போட்டால்தான் கேட்கும். அதற்காக மாதத்தில் பத்து, பதினைந்து நாள் விழுங்கினால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும்.

கல்லாப் பெண்ணிடம், அடுத்த முறை வந்தால் குறித்து வையுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஆறு மாதம் கழித்து வந்தார். பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தது நோட்டுப் புத்தகம் இல்லை, ஐந்து தினசரி காலண்டர் தாள்கள். “11.10 – 11.35, ரெண்டு கண்ணும்” என்று ஒன்றில் பென்சிலால் எழுதியிருந்தது. மற்றவையும் அப்படித்தான். தாள்களைப் புரட்டும்போது கீழே அச்சடித்திருந்ததையும் படித்தேன். கிருத்திகை, சஷ்டி, மறுபடி கிருத்திகை.

“விரதமாம்மா?”

“ஆமாங்க. காலைல ஒரு டம்ளர் காப்பிங்க. அதோட சரி.”

“மத்த ரெண்டு நாள்?”

“ஆடித் தள்ளுபடிங்க டாக்டர். அன்னைக்கெல்லாம் சாப்பிட யாருங்க விடறாங்க?”