11 எம்பிக்கு மேல் ஏறாத ஜிகாபிட் சுவிட்ச்

"தம்பி, புதுச் சுவிட்ச் போட்டும் இழுபடுது. கடைக்காரன் ஏமாத்திப்போட்டான் போல. போனில நல்லா ஏசிப்போட்டன்."

யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதிப் பக்கம் கலியாண வீடியோ செய்யும் ஸ்ரூடியோ ஒன்றிலிருந்து ஒரு காலை இப்படி அழைப்பு வந்தது. சுவிட்ச் என்றதும் லைற் போடுகிற சுவிட்சை நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இது வேறு. அலுவலகத்துக் கொம்பியூட்டர், கமரா, பிரிண்டர் எல்லாவற்றின் கேபிளும் வந்து சேரும் பெட்டியைத்தான் சொல்கிறேன்.

அந்த ஸ்ரூடியோவில் எடிட்டிங் கொம்பியூட்டர்கள் மூன்று, எல்லாருக்கும் பொதுவாகக் காட்சிகளைச் சேமிக்கும் நாஸ் பெட்டி ஒன்று. எங்கள் ஊர்க் கலியாணம் பொன்னுருக்கலில் தொடங்கி நாலாம் சடங்கு வரை நீளும். இரண்டு மூன்று 4கே கமரா ஓடினால் ஒரு கலியாணத்துக்கு 200 ஜிபி சேர்வது பெரிய விசயமில்லை. எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு, எம்பி என்பது பைட் கணக்கு; எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். அதனால் பழைய 100 எம்பிபிஎஸ் சுவிட்சில் பைல் விநாடிக்கு 11 எம்பி அளவில்தான் நகரும். 200 ஜிபிக்கு 5 மணித்தியாலம் போய்விடும். ஜிகாபிட்டில், அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸில், 110 எம்பி வரை போகும், அரை மணித்தியாலத்தில் வேலை முடியும். ஆக, அவர் ஜிகாபிட் வாங்கியது சரியான முடிவுதான்.

போய்க் கொப்பியாகும் வேகத்தைப் பார்த்தேன். 11.2 என்று காட்டியது. அந்த எண்ணைக் கண்டதுமே பாதி விசயம் புரிந்துவிட்டது. 11ஐத் தாண்டாமல் ஒரே இடத்தில் நிற்கிறது என்றால், நடுவில் ஏதோ ஓர் இணைப்பு 100க்கு இறங்கியிருக்கிறது. புதுப் பெட்டியில் பிழையில்லை.

சுவரில் இருந்த இணைப்புப் பெட்டியைக் கழற்றினேன். பழைய வேலைக்காரர் ஒரு கேபிளைப் பிரித்து இரண்டு இணைப்பு எடுத்திருந்தார். நான்கு கம்பி நாஸுக்கு, நான்கு கம்பி பிரிண்டருக்கு. அந்தக் காலத்தில் இது பிழையில்லை. கேபிளுக்குள் எட்டுக் கம்பி இருந்தாலும் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கே போதும். மீதியை வீணாக்குவானேன் என்று பலர் இப்படிச் செய்தார்கள். 1999இல் தரமாக வந்த ஜிகாபிட்டுக்கோ எட்டும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் பெரும்பாலான கருவிகள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். சில இணைப்பே எடுக்காது. யாரும் எச்சரிக்க மாட்டார்கள். பல பெட்டிகளில் கேபிள் செருகும் போர்ட்டில் இருக்கும் சின்ன லைற் மட்டும் வேறு நிறத்தில் எரியும், அதை யார் பார்க்கிறார்கள்?

எனவே புதுச் சுவிட்ச் வாங்க முன்னர், பழைய கேபிளின் இரண்டு முனையிலும் எட்டுக் கம்பியும் ஒழுங்காக வருகிறதா என்று மலிவான ரெஸ்ரர் ஒன்றை வைத்துப் பார்த்துவிடுங்கள். கேபிள் கட்5ஈ என்ற வகையாக இருந்தால் 100 மீற்றர் வரை ஜிகாபிட்டுக்குத் தாராளம். ஆனால் செம்பாக இருக்கவேண்டும். செம்பு பூசிய அலுமினியக் கேபிள் சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது, விலையும் குறைவு. கம்பியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். இரண்டு தரம் வளைத்தால் முறியும், அதன் வழியாகக் கமராவுக்கு மின்சாரம் அனுப்பினால் சூடாகும்.

எல்லாருக்கும் ஜிகாபிட் வேண்டுமா? பில் அடிக்கும் கவுண்டருக்கு 100 போதும். அங்கே போவதும் வருவதும் சில வரி எழுத்துத்தான். வீதியால் வரும் இன்ரநெற் 50 எம்பிபிஎஸ் என்றால் எவ்வளவு விலையான சுவிட்சாலும் அது 51 ஆகாது. ஆனாலும் இன்று புதிதாக வாங்குகிறவர் ஜிகாபிட்டே வாங்கட்டும். சின்னப் பெட்டிகளில் விலை வித்தியாசம் அவ்வளவு இல்லை.

வாங்கும்போது பெட்டியின் முன்பக்கத்தில் "ஜிகாபிட்" என்று பெரிதாக இருப்பதை நம்பி நிற்காமல் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கமராவுக்கென்று விற்கும் பி.ஓ.இ சுவிட்சுகள் பலவற்றில் எட்டுப் போர்ட்டும் 100தான், ரவுட்டருக்கோ அடுத்த சுவிட்சுக்கோ போகும் ஒன்றோ இரண்டோ மட்டும் ஜிகாபிட். ஒரு கமரா 4 முதல் 8 எம்பிபிஎஸ்தான் கேட்கும் என்பதால் கமராவுக்கு அது சரியான வடிவமைப்பே. அதை வாங்கி எடிட்டிங் கொம்பியூட்டரைக் கொழுவினால்தான் வம்பு.

பி.ஓ.இ என்பது தரவு போகும் அதே கேபிளில் மின்சாரத்தையும் அனுப்பும் முறை. இதில் நான் அதிகம் காணும் பிழை வாற் கணக்குத்தான். நல்லூர்ப் பக்கம் ஒரு விடுதி. திருவிழா நேரம், அறையெல்லாம் ஆட்கள். எட்டுக் கமராவும் பகலில் நன்றாகத் தெரியும், இருட்டினால் ஏழாவதும் எட்டாவதும் விழுந்துவிடும், விடிந்தால் தானாக எழும்பும். யாரோ வேண்டுமென்றே கழற்றுகிறார்கள் என்று வாச்சரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார் முதலாளி.

சுவிட்ச் பெட்டியில் ஒரு போர்ட்டுக்கு 30 வாற் என்று இருந்தது. சரி, அப்புறம் சின்ன எழுத்தில் மொத்தம் 65 வாற் என்றும் இருந்தது. கமரா பகலில் 5 வாற் எடுக்கும். இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியதும் 9 ஆகும். எட்டு ஒன்பது 72. தாங்காமல் சுவிட்ச் கடைசிப் போர்ட்டுகளை நிறுத்திவிடுகிறது. அன்றைக்கு இரண்டு கமராவுக்குத் தனி அடப்டர் போட்டுச் சமாளித்தோம், பிறகு 120 வாற் பெட்டிக்கு மாறினார். எல்லாக் கமராவின் இரவு வாற்றையும் கூட்டி, அதற்கு மேல் கால்வாசி விட்டு வாங்குவது என் வழக்கம். பெட்டியில் 802.3 ஏஎஃப் அல்லது ஏடி என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தத் தரம் உள்ளவை, மறுமுனையில் இருப்பது மின்சாரம் ஏற்கும் கருவியா என்று கேட்டுவிட்டே அனுப்பும். சில மலிவுப் பெட்டிகள் கேட்காமலே தள்ளும்.

நிர்வகிக்கக்கூடிய, அதாவது கொம்பியூட்டரில் திறந்து அமைப்புகளை மாற்றக்கூடிய சுவிட்சுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா என்று கேட்பார்கள். நான்கு பேர் இருக்கும் அலுவலகத்துக்கு வேண்டாம். வெளியாட்களுக்கு வைபை கொடுக்கும் விடுதி, கிளினிக், ரியூட்டரி என்றால் கட்டாயம் வேண்டும் என்பேன். அதில் வீலான், அதாவது ஒரே பெட்டிக்குள் தனித்தனி வலை பிரித்து, விருந்தினர் போன் ஒரு பக்கமும் கணக்குக் கொம்பியூட்டர் மறுபக்கமும் ஒன்றையொன்று காணாமல் வைக்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. கொக்குவிலில் ஒரு ரியூட்டரியில் சும்மா தொங்கிய கேபிள் முனையை யாரோ நல்ல மனதோடு அதே சுவிட்சில் செருகிவிட்டார்கள். இரண்டு முனையும் ஒரே பெட்டியில். எல்லாருக்குமென்று போகும் தரவுப் பொட்டலங்கள் முடிவின்றிச் சுற்றிச் சுற்றிப் பெருகி, முழுக் கட்டடமும் அரை நாள் நின்றது. நிர்வகிக்கும் சுவிட்சில் வளையத் தடுப்பு இயங்கினால், அந்த வளையத்தைக் கண்டதும் போர்ட்டை அடைத்துவிடும். ஆனால் வாங்கியவுடன் கடவுச்சொல்லை மாற்றுங்கள். மாற்றாமல் விட்ட பெட்டிகளைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

ஸ்ரூடியோவுக்கு வருவோம். புதிதாக இரண்டு கேபிள் இழுத்தேன், 112 வந்தது. பழைய 100 சுவிட்சை எறியவில்லை, பிரிண்டர்களுக்கு விட்டோம். அந்தச் சந்தோசத்தில் அவர், "அப்ப வளவுக்குப் பின்னால இருக்கிற வீட்டுக்கும் ஒரு கேபிள் இழுத்துவிடுமன்" என்றார்.

அங்கேதான் நான் மறுத்தேன். ஐப்பசி கார்த்திகையில் இங்கே இடி மின்னல் எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டு கட்டடத்துக்கிடையே செம்புக் கேபிள் ஓடினால், மின்னல் பக்கத்துப் பனையில் விழுந்தாலே போதும், கேபிளில் எழும் மின்னழுத்தம் இரண்டு பக்கச் சுவிட்சையும் நாஸையும் சேர்த்துக் கொண்டுபோகும். எங்கள் நிலத்தில் கொஞ்சம் மண்ணுக்குக் கீழேயே சுண்ணாம்புக்கல், எர்த் கம்பியை ஆழமாக இறக்குவதும் சுலபமில்லை. ஃபைபரில் போவது ஒளிதான், மின்சாரம் ஏறாது. இழுவைக்காக உள்ளே எஃகுக் கம்பி வைத்த வகை என்றால் மட்டும் அந்தக் கம்பியைச் சுவருக்கு வெளியிலேயே வெட்டிவிடவேண்டும். பெரிய சுவிட்ச் வாங்குகிறவர்கள் ஃபைபருக்கான எஸ்எஃப்பி துளை உள்ளதாகவே எடுங்கள். இவருடைய பெட்டியில் அது இல்லாததால் ஃபைபரையும் செம்புக் கேபிளையும் இணைக்கும் மீடியா கொன்வேர்ட்டர் இரண்டு தேவைப்பட்டது.

அவற்றை அதே கடையில்தான் போய் வாங்கிவந்தார். ஏசினதற்கு அங்கே என்ன சொல்லிச் சமாளித்தார் என்று நான் கேட்கவில்லை.