நரம்பு முளைக்கும் வேகமும் ஊசியின் பங்கும்

மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கியவரோ பனையிலிருந்து தவறி விழுந்த சீவல் தொழிலாளியோ மேற்கை எலும்பு முறிந்து யாழ்ப்பாணத்து வைத்தியசாலை ஒன்றுக்குக் கொண்டுவரப்பட்டால், முறிவைப் பொருத்தி உலோகத் தகடு வைக்கும் சத்திரசிகிச்சை செய்யப்படுவதுண்டு. எலும்பு நேராகிக் காயமும் ஆறிவரும் வேளையில், சிலரால் மணிக்கட்டை மேலே தூக்க முடிவதில்லை. கை தளர்ந்து தொங்குகிறது. மேற்கை எலும்பின் பின்புறத்தை ஒட்டிச் சுற்றிச் செல்லும் ஆரை நரம்பு, முறிவின்போதோ சத்திரசிகிச்சையின்போதோ இழுபட்டு அல்லது நசுங்கிப் போனதே இதற்குக் காரணம். இடுப்பு மூட்டு மாற்றிய பின்னர் பாதம் தொங்குவதும், தைரொயிட் சுரப்பியை அகற்றிய பின்னர் குரல் கம்முவதும் இதே வகைப்பட்ட பாதிப்புகள்தான். வீடு திரும்பியவரிடம் உறவினர் கேட்கும் முதற் கேள்விகளுள் ஒன்று, உடலின் குறித்த இடங்களில் மெல்லிய ஊசிகளைச் செலுத்தும் அக்குபஞ்சர் சிகிச்சையைச் செய்து பார்த்தால் என்ன என்பதாகும். கேள்வி நியாயமானது. ஆனால் நரம்பு எந்த அளவுக்குக் காயப்பட்டிருக்கிறது என்பதை அறியாமல் அதற்கு விடை கூற முடியாது.

நரம்பு என்பது ஆயிரக்கணக்கான நரம்பிழைகளின் கட்டு. ஒவ்வோர் இழையும் முண்ணாணிலோ அதன் அருகிலோ இருக்கும் ஒரு நரம்புக்கலத்தின் நீட்சி. அதனைச் சுற்றி மயலின் உறையும், அதற்கும் வெளியே மெல்லிய குழாய் போன்ற திசுவும் உண்டு. பிரித்தானிய சத்திரசிகிச்சை நிபுணர் ஹேர்பேட் செடன் 1943 இல் நரம்புக் காயங்களை மூன்று வகையாகப் பிரித்தார். முதல் வகையில் இழை அறுவதில்லை. உறை மட்டும் பழுதுபட்டுச் சமிக்ஞை தடைப்படுகிறது. சில வாரங்களில், சிலவேளை சில மாதங்களில், அது தானாகவே சீராகிவிடும். இரண்டாம் வகையில் இழை அறுந்துவிடுகிறது, ஆனால் குழாய் எஞ்சுகிறது. மூன்றாம் வகையில் நரம்பே முற்றாகத் துண்டிக்கப்படுகிறது. முந்திரிகைக் கொடியை அடியில் வெட்டினாலும் பந்தல் நின்றால் புதுத் துளிர் பழைய வழியிலேயே படரும்; பந்தலும் சரிந்தால் துளிர் திக்குத் தெரியாமல் சுருண்டுவிடும். இரண்டாம் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் உள்ள வேறுபாடு இதுவே. மூன்றாம் வகைக்கு நரம்பின் இரு முனைகளையும் தைத்து இணைப்பதோ வேறு நரம்புத் துண்டு வைத்து ஒட்டுவதோதான் வழி. எந்த ஊசியும் அந்த வேலையைச் செய்யாது.

அறுந்த இழைக்கு என்ன நேர்கிறது என்பதை பிரித்தானிய உடற்றொழிலியலாளர் ஓகஸ்ரஸ் வோலர் 1850 இல் தவளையின் நாக்கு நரம்புகளை வெட்டி ஆராய்ந்து விளக்கினார். 1847 இல் இலங்கைக்கு வந்து, பின்னாளில் உடற்கூற்று நூல்களைத் தமிழில் தந்த அமெரிக்க மிசனரி மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவம் கற்பித்துக்கொண்டிருந்த காலம் அது. வெட்டுக்கு அப்பாலுள்ள இழைப் பகுதி சிதைந்து போகிறது என்பதே வோலரின் கண்டுபிடிப்பு. பின்வந்தவர்கள் எஞ்சிய கதையை நிரப்பினார்கள்: மயலின் உறையை உருவாக்கும் சுவான் கலங்கள் சிதைவுகளை அகற்றிவிட்டு வரிசையாக அடுக்கி நின்று, இழை வளர்வதற்கு வழிகாட்டும் புரதங்களைச் சுரக்கின்றன, அந்த வழியே மேற்பக்க முனையிலிருந்து புதிய இழை முளைத்து முன்னேறுகிறது. அதன் வேகம் ஏறத்தாழ நாளொன்றுக்கு 1 மில்லிமீற்றர்.

நோயாளியின் பொறுமையை எவ்வளவு காலத்துக்குக் கேட்கிறோம் என்பதை இந்த ஓர் எண்ணே தீர்மானிக்கிறது. மேற்கையில் காயப்பட்ட இடத்திலிருந்து மணிக்கட்டைத் தூக்கும் தசைக்கு நரம்பு நுழையும் இடம் வரை 12 சென்ரிமீற்றர் தூரம் என்று வைத்துக்கொண்டால், இழை அங்கு போய்ச் சேர 4 மாதங்கள் ஆகும். முளைவிடத் தொடங்குவதற்கான வாரங்கள் அதற்கு மேலதிகம். இடுப்பில் காயப்பட்ட நரம்பு முழங்காலுக்குக் கீழுள்ள தசையை அடைய 40 சென்ரிமீற்றர் கடக்க வேண்டுமாயின் ஒரு வருடத்துக்கு மேல் செல்லும். அதற்கிடையில் தசையும் காத்திருக்க வேண்டும். நரம்பு வந்து சேராத தசை மெலிந்து நார்த்திசுவாக மாறத் தொடங்குகிறது. 12 முதல் 18 மாதங்களுக்குப் பின்னர் நரம்பு வந்தாலும் அதனை இயக்குவது அரிது. இழை எங்கு வந்துள்ளது என்பதை அறிய ஓர் எளிய வழி உண்டு. நரம்பின் பாதையில் விரலால் மெல்லத் தட்டிக்கொண்டு போனால், முளைக்கும் முனை இருக்கும் இடத்தில் மின் பாய்வது போன்ற கூச்சம் தோன்றும். அந்த இடம் மாதம் தோறும் கீழிறங்கிச் செல்வது நல்ல அறிகுறி. முதல் உலகப் போரில் காயப்பட்டவர்களைப் பார்த்து 1915 இல் இதனை விவரித்த பிரெஞ்சு நரம்பியலாளர் ரினெலின் பெயராலேயே இது வழங்குகிறது.

இனி ஊசிக்கு வருவோம். இலங்கையில் அக்குபஞ்சர் பரவுவதற்கு, களுபோவிலையிலுள்ள கொழும்பு தெற்கு வைத்தியசாலையில் மருத்துவர் அன்ரன் ஜயசூரிய நடத்திய சிகிச்சையும் பயிற்சியும் பெரிதும் காரணமாயின. சித்த மருத்துவத்தின் வர்மப் புள்ளிகளை அறிந்த நம்மவர்க்கு, உடலில் குறித்த இடங்களைத் தூண்டிக் குணம் காண்பது என்ற எண்ணம் அந்நியமானதன்று. அக்குபஞ்சர் ஊசி ஏறத்தாழ 0.25 மில்லிமீற்றர் தடிப்புடையது. இரத்தம் எடுக்கும் ஊசியின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்களவே. அதனைத் தசைக்குள் செலுத்தித் திருகும்போது அவ்விடத்துத் திசுக்கள் அடினோசின் என்ற பொருளை வெளியிடுகின்றன. அமெரிக்காவின் ரொச்செஸ்ரர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010 இல் எலிகளில் இதனை அளந்து காட்டினார்கள். அடினோசினை உணரும் ஏற்பி இல்லாத எலிகளில் ஊசியால் வலி குறையவில்லை. இது ஊசி செலுத்திய இடத்தில் நிகழ்வது. முண்ணாணிலும் மூளையிலும் உடலின் சொந்த வலிநிவாரணிகளான எண்டோர்பின் வகைப் பொருட்கள் சுரக்கின்றன. ஊசிகளூடாக மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தினால், செக்கனுக்கு 2 துடிப்புகள் ஒரு வகைப் பொருளையும் 100 துடிப்புகள் வேறொரு வகையையும் தூண்டுகின்றன என்பதைப் பெய்ஜிங்கைச் சேர்ந்த ஹான் ஜிஷெங் குழுவினர் நிறுவினர். ஆகவே ஊசி வலியைக் குறைக்கிறது என்பதற்கு உடற்றொழிலியல் விளக்கம் உண்டு. காயப்பட்ட நரம்பின் எரிவாலும் குத்தலாலும் உறக்கம் இழந்தவருக்கு அது சிறிய உதவியன்று.

நரம்பை அது வளர்க்குமா என்பது வேறு கேள்வி. மின்தூண்டலுக்கும் நரம்பு வளர்ச்சிக்கும் தொடர்பு இருப்பது உண்மை. கனடாவில் ரெசா கோர்டன் குழுவினர் 2000 இல், எலியின் தொடை நரம்பைத் தைத்தவுடன் செக்கனுக்கு 20 துடிப்புகள் வீதம் 1 மணி நேரம் தூண்டியபோது, இழைகள் தையலைத் தாண்டி மிக விரைவாக வளர்வதைக் கண்டனர். இழை ஊர்ந்து செல்லும் வேகம் கூடவில்லை, தையலைத் தாண்டத் தயங்கும் காலமே குறைந்தது என்பது கவனிக்கத்தக்கது. ஆனால் அந்த மின்முனைகள் சத்திரசிகிச்சையின்போது நரம்பின்மீதே வைக்கப்பட்டவை. சில வாரங்கள் கழித்துத் தோலூடாகச் செலுத்தும் ஊசிக்கு அதே பலனை உரித்தாக்குவது பொருந்தாது. மின் அக்குபஞ்சரால் நரம்பு வளர்ச்சிப் புரதங்கள் கூடுவதாகக் கூறும் ஆய்வுகளிற் பெரும்பாலானவை எலிகளில் செய்யப்பட்டவை. எலியின் நரம்பு கடக்க வேண்டிய தூரம் சில சென்ரிமீற்றர்தான்.

மனிதரில் கிடைத்த சான்றுகளுள் நான் மதிப்பது, மணிக்கட்டில் நடு நரம்பு நெரிபடும் நோயுள்ள 80 பேரிடம் செய்யப்பட்டு 2017 இல் வெளிவந்த ஆய்வு. உண்மை ஊசி, தோலைத் துளைக்காத போலி ஊசி இரண்டிலும் நோயாளிகள் சுகம் உணர்ந்தனர். ஆனால் நரம்பின் கடத்துகையும், மூளையில் விரல்களுக்குரிய பகுதிகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்திருக்கும் தெளிவும் உண்மை ஊசியிலேயே மேம்பட்டன. இவர்கள் சத்திரசிகிச்சையில் நரம்பு காயப்பட்டவர்கள் அல்லர். மேலும், மேற்கை முறிவுடன் ஆரை நரம்பு செயலிழந்தவர்களில் ஏறத்தாழ 70 வீதமானோர் எச்சிகிச்சையும் இன்றியே குணமடைகிறார்கள். எனவே நான்காம் மாதத்தில் ஒருவரின் மணிக்கட்டு எழுந்தால், அதனை ஊசியின் சாதனை என்று அவர் நம்புவது இயல்பே. ஒப்பீட்டுக் குழு இல்லாமல் அதனைச் சான்றாகக் கொள்ள முடியாது.

ஆகையால் வலியைத் தணிப்பதற்கும், அதன் மூலம் இயன்மருத்துவப் பயிற்சிகளை நோயாளி இடைவிடாது செய்வதற்கும் அக்குபஞ்சரைத் துணையாகப் பயன்படுத்துவதை நான் ஆதரிக்கிறேன். மணிக்கட்டைத் தாங்கும் பட்டையையும், மூட்டுகள் இறுகாதிருக்க நாளாந்தம் அசைப்பதையும் அதற்காகக் கைவிடக் கூடாது. காயப்பட்டு 3 வாரங்களின் பின்னர் செய்யும் நரம்புக் கடத்துகைச் சோதனையும் தசை மின்சோதனையும் காயத்தின் வகையைப் பெருமளவு காட்டிவிடும். 3 அல்லது 4 மாதங்களாகியும் அசைவோ கூச்சத்தின் நகர்வோ இல்லையெனில், இன்னும் பத்துத் தடவை ஊசி போட்டுப் பார்க்கலாம் என்று காத்திருப்பது ஆபத்தானது; நரம்பைத் திறந்து பார்க்க வேண்டுமா என்பதைச் சத்திரசிகிச்சை நிபுணர் முடிவு செய்யும் காலம் அது.

ஊசிகள் ஒருமுறை மட்டும் பயன்படுத்தப்படுபவையாக இருத்தல் வேண்டும். ஆறாத காயத்துக்குள்ளும் தகடு இருக்கும் இடத்துக்கு ஆழமாகவும் ஊசி செலுத்துவதைத் தவிர்க்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்களில் கிருமித்தொற்று விரைவில் பற்றும். வோபரின் போன்ற இரத்த உறைவெதிர் மருந்து உட்கொள்பவர் அதனை முன்கூட்டியே சொல்ல வேண்டும். இதயமுடுக்கி பொருத்தியவருக்கு மின் அக்குபஞ்சர் செய்யலாகாது. அக்குபஞ்சருடன் சிலர் செய்வதுபோல் உணர்ச்சியற்ற தோலில் மூலிகையை எரித்துச் சூடு காட்டினால், தோல் வெந்துபோவதை நோயாளியால் உணர முடியாது.