பிறந்த குழந்தைக்கு 42 நாள்: வீடு தேடி வரும் நர்சம்மா, காசில்லாத வைத்தியம்

பிரசவம் நல்லபடியாக முடிந்து தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்துவிட்டால், கண்டம் தாண்டியாகிவிட்டது என்று நினைக்கிறோம். பச்சிளங்குழந்தைக்கு அப்படி இல்லை. முதல் 28 நாள், அதிலும் முதல் ஒரு வாரம், ரொம்பக் கவனமாக இருக்க வேண்டிய காலம். அதற்காக அரசு இரண்டு ஏற்பாடுகளை வைத்திருக்கிறது. இரண்டும் 2011-இல் நாடு முழுவதும் வந்தவை.

ஒன்று, வீட்டுக்கே வந்து குழந்தையைப் பார்ப்பது. மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில், மொத்தம் ஆறு முறை பார்க்க வேண்டும். வீட்டில் பிறந்திருந்தால் முதல் நாளும் சேர்ந்து ஏழு. மற்ற மாநிலங்களில் ஆஷா எனப்படும் ஊர் சுகாதாரப் பணியாளர்கள் வருவார்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலும் கிராம சுகாதார செவிலியர், நம் பேச்சில் நர்சம்மா. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் தம்பதி 1990-களில் ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். பச்சிளங்குழந்தை மரணம் பாதிக்கு மேல் குறைந்தது. அங்கிருந்து பிறந்ததுதான் இந்த முறை.

தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகும் பெண்கள் இதில் விடுபட்டுப் போகலாம். புகுந்த ஊர் நர்சம்மாவின் பதிவேட்டில் பெயர் இருக்கும், குழந்தையோ வேறு ஊரில் இருக்கும். அதனால் இரண்டு ஊர் நர்சம்மாவுக்கும் தகவல் சொல்லிவிடுங்கள். கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த ஆர்.சி.எச். எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வந்தவர் எடை மட்டும் போட்டுவிட்டுக் கிளம்பினால் அது முழுப் பரிசோதனை ஆகாது. குழந்தையின் துணியை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதைக் கடிகாரம் பார்த்து ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும். மூச்சு 60 அல்லது அதற்கு மேல் வந்தால் மறுபடி எண்ண வேண்டும். அப்போதும் அதே கணக்கு என்றால் உடனே ஆஸ்பத்திரி. புறங்கையால் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பார்ப்பார்: வயிறு சூடாக இருந்து பாதம் சில்லென்றிருந்தால் குழந்தைக்குக் குளிர் பிடிக்கிறது, தாயின் மாரோடு சேர்த்துப் போர்த்த வேண்டும். இரண்டுமே சில்லென்றிருந்தால் காத்திருக்கக் கூடாது. தொப்புளில் சிவப்போ சீழோ இருக்கிறதா, உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கியிருக்கிறதா, பால் எப்படிக் குடிக்கிறது என்றும் பார்க்க வேண்டும். தொப்புளில் எண்ணெய், சாம்பல், பவுடர் எதுவும் வேண்டாம். சேனை வைப்பதும் வேண்டாம். பெரியவர்கள் ஆசையாகச் செய்வதுதான், ஆனால் அந்தச் சர்க்கரைத் தண்ணீர் வழியாகக் கிருமி போகும், சீம்பாலும் தள்ளிப்போகும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். அழுகிற குழந்தையைப் பார்த்துப் பதறுகிறோம். "சமத்தா தூங்குது, பாலுக்குக்கூட எழுந்திருக்கல" என்று சொல்லப்படும் குழந்தையைப் பார்த்துத்தான் நான் பதறுவேன். கிருமித்தொற்று கண்ட பச்சிளங்குழந்தை பல நேரம் அழாது, துவண்டு கிடக்கும். உள்ளங்காலைச் சுண்டியும் எழுந்து பால் குடிக்கவில்லை என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

சரி, ஆஸ்பத்திரிக்குப் போனால் செலவு? இங்கேதான் இரண்டாவது ஏற்பாடு, ஜனனி சிசு சுரக்ஷா திட்டம். அரசு மருத்துவமனையில் குழந்தைக்கு மருந்து, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், தேவைப்பட்டால் ரத்தம், எல்லாம் இலவசம். வீட்டிலிருந்து போக, பெரிய மருத்துவமனைக்கு மாற்றினால் அங்கே போக, பிறகு வீடு திரும்ப, வண்டியும் இலவசம். அவசரத்துக்கு 108, வீடு திரும்ப 102. முதலில் 30 நாள் வரை என்றிருந்ததை, பிறகு ஒரு வயது வரை நீட்டினார்கள். வருமான வரம்பு கிடையாது. தனியார் மருத்துவமனையில் பிறந்த குழந்தையையும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவந்தால் இதே உரிமை உண்டு. தனியார் பில்லுக்கு மட்டும் இந்தத் திட்டம் பொருந்தாது.

மாவட்டத் தலைமை மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பச்சிளங்குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. "பெட்டியில வச்சிருக்காங்க" என்று சொல்வோமே, அதுதான். எடை 1,800 கிராமுக்குக் கீழே, அல்லது 34 வாரம் நிறையாமல் பிறந்த குழந்தைகளை அங்கே சேர்ப்பார்கள். உள்ளே வைத்துவிட்டார்கள் என்று தாய் ஒதுங்கி நிற்க வேண்டாம். பாலைப் பீய்ச்சிக் கொடுக்கலாம், நிலைமை தேறியதும் குழந்தையை மாரோடு அணைத்து வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். கங்காரு முறை என்பார்கள். தாய் ஓய்வெடுக்கும்போது அப்பாவோ பாட்டியோ செய்யலாம்.

எங்காவது பணம் கேட்டாலோ, நர்சம்மா வரவே இல்லை என்றாலோ 104-க்குக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் அடுத்து எப்போது வர வேண்டும் என்று தேதி போட்டிருப்பார்கள். அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்து, அடுத்த முறை வீட்டுக்கு வரும் நர்சம்மாவிடம் காட்டுங்கள்.